என் கண்ணுக்கு மட்டும் முதலிடம்

பவானியில் எங்கள் அண்ணனுக்கு ஜமக்காளக் கடை. அப்பா காலத்துக் கடை. நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் வரும் வேளாண்மைக் கையேடுகள், மருத்துவக் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கூகுளில் எதையாவது தேடுவேன். அதனால் கடைக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்று அண்ணன் பேச்செடுத்தபோது, வெளியே யாரிடமும் கொடுக்க வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்றேன். செய்தும் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ‘பவானி ஜமக்காளம்’ என்று தேடினால் எங்கள் கடைதான் முதலில் வந்தது. காலையில் பார்த்தாலும் முதலிடம், ராத்திரி பார்த்தாலும் முதலிடம். போனை அண்ணனிடம் நீட்டிக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளம்பரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தைத் தூக்கி தீபாவளிச் சரக்கில் போட்டுவிட்டார். கூகுளிலேயே முதலில் வருகிறோம், அப்புறம் எதற்கு விளம்பரம் என்று அவர் நினைத்ததில் தப்பே கிடையாது. அப்படி நினைக்க வைத்தது நான்.

தீபாவளி வந்து போனது. வெளியூரிலிருந்து தளம் வழியாக வந்த ஆர்டர் மொத்தம் நான்கு.

அந்த நவம்பரில் ஒரு வேலையாகச் சென்னை போனேன். தாம்பரத்தில் மாமா மகன் வீட்டில் தங்கல். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, அவர் மனைவியிடம், “அக்கா, உங்க போன்ல பவானி ஜமக்காளம்னு போட்டுப் பாருங்களேன்” என்றேன். பெருமையாகக் காட்டத்தான் கேட்டேன். அவர் தேடினார். பெரிய விற்பனைத் தளங்கள் வந்தன, சென்னையில் இருக்கும் இரண்டு கைத்தறிக் கடைகள் வந்தன, ஜமக்காளத்தின் வரலாறு சொல்லும் ஒரு கட்டுரை வந்தது. எங்கள் கடையைக் காணோம். அடுத்த பக்கத்தின் நடுவில்தான் கிடைத்தது. அதே சோபாவில், அதே வைஃபையில் என் போனை எடுத்துத் தேடினேன். நான்காவது இடம். பழைய தேடல்களைக் கணக்கில் எடுக்காத இன்காக்னிடோ சாளரத்தில் திறந்து தேடினேன். முதல் பக்கத்திலிருந்தே காணாமல் போனது.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணனிடம் சொன்னேன். “ஏன் அம்மிணி, மொதல்ல வர்றோம்னு நீதானே சொன்னே?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து, இந்தத் தேடல் என்பது ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்று முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதில் எது உதவியது, எது கெடுத்தது என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் என் மனதில் இருந்த கணக்கு இது: நான் தினமும் எங்கள் தளத்தைத் திறக்கிறேன், கூகுள் அதைப் பார்த்து எனக்கு மேலே தூக்கிக் காட்டுகிறது. பாதிதான் சரி. பவானியில் கடைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பேக்கரிக்காரர் போனில் தேடிப் பார்த்தேன். அவர் எங்கள் தளத்தை ஒருநாளும் திறந்தது கிடையாது. அவருக்கும் இரண்டாவதாக வந்தது. அப்போதுதான் உறைத்தது. தாம்பரத்தில் நான்காவதாக வந்தது என் பழக்கத்தால். பவானியில் முதலாவதாக வந்தது பெரும்பாலும் பவானியில் உட்கார்ந்து தேடியதால். பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013-ல் இதை அளந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஏற்ப மாறியவை சராசரியாக 11.7 சதவீத முடிவுகள்தான். மாற்றத்துக்குக் காரணமாக அவர்கள் கண்டதில் முக்கியமானவை இரண்டு: கணக்கில் உள்நுழைந்திருப்பது, எந்த இடத்திலிருந்து தேடுகிறோம் என்பது. பழைய ஆய்வுதான். ஆனால் என் சோபா சோதனையும் பேக்கரி சோதனையும் அதே பக்கம்தான் கை காட்டின.

கடை, தொழில் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒன்றை அழுத்திச் சொல்வேன். உங்கள் ஊரில், உங்கள் போனில், உங்கள் கடையைத் தேடிப் பார்ப்பது கண்ணாடி பார்ப்பதற்குச் சமம். இன்காக்னிடோ போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய தேடல்களைத்தான் ஒதுக்கி வைக்கும், இடத்தை மறைக்காது. கூகுள் பக்கத்தின் அடி வரைக்கும் இறங்கிப் பார்த்தால், நீங்கள் எந்த ஊரில் இருப்பதாக அது நினைக்கிறது என்று எழுதியிருக்கும். உண்மையான நிலவரம் வேண்டுமென்றால் கூகுளே இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைப் பதிவு செய்யுங்கள். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று எல்லாம் அதில் வரும். நான் முதலிடம் என்று காட்டிய அதே சொல்லுக்கு அதில் இருந்த சராசரி இடம் பதினான்கு. தளம் கட்டிய அன்றே அதைப் பதிந்திருந்தால் அண்ணன் பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கும்.

சரி, இது கூகுள் தானாகச் செய்வது. இது புதுசும் கிடையாது. 2005-லிருந்து கணக்கில் உள்நுழைந்தவர்களுக்குப் பழைய தேடல்களைப் பார்த்து முடிவுகளை மாற்றிக் கொடுத்தார்கள். 2009 டிசம்பரில் கணக்கே இல்லாதவர்களுக்கும் அதை நீட்டினார்கள். இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2008 கடைசியில், தேடி வரும் முடிவுகளை நாமே மேலே ஏற்றவும், வேண்டாததை நீக்கவும் பொத்தான் வைத்தார்கள். 2010-ல் எடுத்துவிட்டார்கள். 2011-ல் பிடிக்காத தளத்தை மொத்தமாக மறைக்க வசதி வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2025 ஆகஸ்ட்டில், செய்திகளுக்கு மட்டும், நமக்கு விருப்பமான தளங்களை நாமே தேர்ந்தெடுக்கும் வசதியை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கொண்டுவந்தார்கள். நம்மைப் பார்த்து ஊகிக்கும் வேலை நிற்காமல் நடக்கிறது, நம் கையில் கொடுக்கும் வேலை மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. எனக்கு இதில் உள்ள குறை அதுதான்.

அந்த ஊகம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு மாதம் முழுக்க சிறுநீரக நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். வேலை நடுவே சொற்களைத் தேடத் தேட, என் கணக்கில் ‘கால் வீக்கம் சிறுநீரகச் செயலிழப்பு’, ‘கால் வீக்கம் டயாலிசிஸ்’ என்று வரிசையாகப் பதிந்து போயிருந்தன. வீட்டு டேப்லெட்டும் என் கணக்கில்தான் திறந்திருக்கும். அம்மாவுக்குச் சில நாளாகக் கணுக்காலில் வீக்கம். எங்களிடம் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் தானே தேடிப் பார்க்கலாம் என்று டேப்லெட்டில் ‘கால் வீ’ வரைக்கும் அடித்திருக்கிறார். கீழே வரிசையாக என் பழைய தேடல்கள் வந்து நின்றன. பழைய தேடல்களுக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் ஒன்று இருக்கும். அது எதற்கென்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தன் காலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்ததுமே, கேள்வியை முடிக்கும் முன்பே, கூகுள் கிட்னி என்று பதில் சொல்வதாக நினைத்துவிட்டார்.

காலையில் காபி டம்ளர் அப்படியே ஆடை படிந்து இருந்தது. “எனக்கு கிட்னி போயிருச்சா சாமி?” என்று கேட்டபோது கண் முழுக்க ராத்திரி தூங்காத சிவப்பு. அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியேட்டினின் பரிசோதனை சரியாக இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு அம்மா சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரைக்குக் கணுக்கால் வீங்குவது தெரிந்த பக்கவிளைவு என்றார் மருத்துவர். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அன்றே அம்மாவுக்குத் தனிக் கணக்கு திறந்து டேப்லெட்டில் போட்டேன். என் கணக்கில், நாம் தேடியதையெல்லாம் சேர்த்து வைக்கும் மை ஆக்டிவிட்டி பகுதியில், மூன்று மாதத்துக்கு மேல் பழையதெல்லாம் தானாக அழியும்படி வைத்தேன். மூன்று, பதினெட்டு, முப்பத்தாறு மாதம் என்று மூன்று அளவு கொடுக்கிறார்கள். குரோம் பிரௌசரில் தேடல் வரலாறு கலக்காமல் இருக்க, வேலைக்குத் தனியாக ஒரு புரொஃபைல், வீட்டுக்கு ஒன்று. ஒரே கருவியை வீட்டில் எல்லோரும் தொடுகிறோம் என்றால் தேடல் வரலாற்றைக் கலக்க விடாதீர்கள். நோய் பற்றி அடிக்கடி தேட வேண்டியிருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். ஒரேயொரு பழைய தேடலை நீக்க வேண்டுமென்றால், அந்தக் கடிகார வரியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே அழிக்கட்டுமா என்று கேட்கும்.

இப்படியெல்லாம் சொல்வதால் தேடலை நமக்கு ஏற்றமாதிரி மாற்றுவதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் பிழைப்பே இன்று அதில்தான் ஓடுகிறது. மாற்றுவது யார் கை என்பதில்தான் எனக்குக் கவலை.

ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மண்வளக் கையேடு செய்துகொண்டிருந்தேன். ஆங்கில மூலத்தில் பக்கத்துக்கு மூன்று தடவை ‘மல்ச்’ வருகிறது, அதாவது மண்ணின் மேல் போட்டு மூடும் பொருள். தமிழில் தேடினால் முதல் பத்தில் ஏழு பக்கம் ‘தழைக்கூளம்’ என்றது. ஏழையும் திறந்து படித்தேன். ஒரே கட்டுரையை ஏழு தளங்கள் இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து வைத்திருந்தன. அதில் ஒன்று ‘கருப்பு பிளாஸ்டிக் தழைக்கூளத்தை விரிக்கவும்’ என்றது. பிளாஸ்டிக்கில் தழை ஏது, கூளம் ஏது? எங்கள் பக்கத்து விவசாயிகள் இலைதழை, வைக்கோல் போட்டு மூடுவதை மூடாக்கு என்பார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நிலப்போர்வை என்று இருக்கிறது. பிளாஸ்டிக் விரிப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு நல்ல சொற்கள் இருக்க, இரண்டும் முதல் பக்கத்தில் இல்லை. தமிழில் தேடுகிறவர்களுக்கு இந்த வேதனை தினமும் இருக்கிறது. நல்ல பக்கம் குறைவு, இயந்திரம் கொட்டிய பக்கம் நிறைய. கூகுள் என் பழக்கத்தை எவ்வளவு படித்தாலும் எனக்கு இதைப் பிரித்துத் தரவில்லை.

அன்றைக்குத்தான் யூபிளாக்லிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரௌசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்னக் கருவியைப் போட்டேன். இலவசம். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஓடும். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் வரும். அதைத் தொட்டால் அந்தத் தளம் அதற்குப் பிறகு நம் தேடலில் வராது. முதல் வாரம் நாளுக்கு ஏழெட்டுத் தளம் அடைத்தேன். பிறகு வாரத்துக்கு இரண்டு. இப்போது பட்டியலில் நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கும். களை எடுப்பது மாதிரிதான், முதல் எடுப்புக்குத்தான் முதுகு வலிக்கும். மூன்றாவது மாதத்திலிருந்து ஒரு சொல்லுக்கு நான் செலவழிக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

அடைப்பது ஒரு கை என்றால், வேண்டியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது இன்னொரு கை. கூகுளின் புரோகிராமபிள் சர்ச் எஞ்சினில் நாம் சொல்லும் தளங்களுக்குள் மட்டும் தேடும் ஒரு தேடுபொறியை நாமே செய்துகொள்ளலாம். என்னுடையதில் வேளாண்மைப் பல்கலைத் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகம், ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இருக்கும் இணைய நூலகம், மதுரைத் திட்டம், தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி என்று பன்னிரண்டு தளங்கள் இருக்கின்றன. ‘மூடாக்கு’ என்று அதில் போட்டால் குப்பை வரவே வராது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. ஆனால் அகராதிப் பதிவுகள் பெரும்பாலும் கூகுளில் தனியாக வருவதில்லை, உள்ளே போய்த்தான் தேடவேண்டும். அதற்கு பிரௌசர் அமைப்பில் ‘சைட் சர்ச்’ பகுதிக்குப் போய், அகராதியின் தேடல் முகவரியை ஒட்டி, சொல் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியையும் எஸ் எழுத்தையும் (%s) வைத்து, இரண்டெழுத்துக் குறுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முகவரிப் பட்டையில் அந்த இரண்டெழுத்தையும் சொல்லையும் அடித்தால் நேரே அகராதியில் போய் நிற்கும். எனக்கு இத்தனை ஏற்பாட்டில் அதிகம் உழைப்பது இந்தச் சின்ன வசதிதான். எதுவும் செய்ய நேரமில்லை என்கிறவர்கள் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

பணம் கட்டிப் பயன்படுத்தும் காகி என்ற தேடுபொறியையும் முயன்று பார்த்தேன். தளங்களை உயர்த்த, தாழ்த்த, அடைக்க, உச்சியில் குத்தி வைக்க என்று எல்லாமே அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் 100 தேடல் இலவசம், அப்புறம் மாதம் 5 டாலருக்கு 300 தேடல். 300 எனக்கு மூன்று நாளைக்குத்தான் வரும். ஆங்கிலத்தில் அதிகம் தேடுகிறவர்களுக்கு நல்ல கருவி. நான் தொடரவில்லை.

இனி என் கையாலேயே நான் கெடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். பட்டியல் வளர வளர எனக்குத் துணிச்சல் கூடிப் போனது. சமையல் குறிப்பைத் திருடிப் போடும் பிளாக்ஸ்பாட் பக்கங்கள் தொல்லை கொடுத்ததால், ஒருநாள், எல்லாப் பக்கத்தையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டு, ஆளாளுக்கு வலைப்பூ எழுதும் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமாக அடைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துக் கைத்தறிப் பயிற்சிக் கையேடு ஒன்று வந்தது. பாவு, ஊடை, அச்சு எல்லாம் எனக்குத் தெரியும், தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ‘ஹீல்டு’ என்ற பாகத்துக்கு மட்டும் சொல் வரவில்லை. பாவு நூலை ஒன்றுவிட்டு ஒன்று மேலே தூக்கும் கண்ணிக் கயிறு அது. பார்த்திருக்கிறேன், பெயர் நாக்கில் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாட்டில் அண்ணனிடம் கேட்டேன். “விழுது. இது தெரியாதா உனக்கு?” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுபடி தேடினேன். அப்போதுதான் பக்கத்தின் மேலே அந்த வரியைக் கவனித்தேன்: ஐந்து முடிவுகள் மறைக்கப்பட்டுள்ளன. காட்டு என்று தொட்டேன். இரண்டாவதாக இருந்தது, நெசவுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் 2010-ல் எழுதிய பதிவு. குழித்தறியின் ஒவ்வொரு பாகத்துக்கும் தன் கையால் படம் வரைந்து, பெயர் எழுதி வைத்திருந்தார். விழுது, அதன் கண்ணி, அதைக் கட்டும் முறை எல்லாம். 2005-க்கும் 2012-க்கும் நடுவில் தமிழில் எவ்வளவோ பேர் தங்கள் தொழிலை, ஊரை, சொந்தச் சொற்களை எழுதி வைத்தது இந்த வலைப்பூக்களில்தான். அத்தனையையும் நாலு சமையல் குறிப்புக்காக அடைத்து வைத்திருக்கிறேன். உடனே அந்த வரியை நீக்கினேன். அதற்குப் பிறகு எனக்கென்று வைத்துக்கொண்ட பழக்கம் இது: முழுத் தளத்தை அடைப்பதற்கு முன் மூன்று பக்கமாவது திறந்து படிப்பேன். பலர் எழுதும் இடமாக இருந்தால் அந்த ஒருவர் பக்கத்தை மட்டும் அடைப்பேன். எதுவும் கிடைக்கவில்லை என்றால் முதலில் மறைத்ததைத் திறந்து பார்ப்பேன். அடைப்புப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசிப்பேன்.

போனில் இந்த எக்ஸ்டென்ஷன் எதையும் நான் போடவில்லை. வேண்டுமென்றேதான். உலகத்துக்கு என்ன வருகிறது என்று பார்க்க வீட்டில் ஒரு கருவியாவது வெறுமனே இருக்கட்டும் என்று. அதில் கூகுள் அமைப்பில் இருக்கும் தேடல் தனிப்பயனாக்கத்தையும் அணைத்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கடைக்கு வெளியூர் ஆள் யார் வந்தாலும், பில் போட்டு முடித்ததும், “உங்க போன்ல பவானி ஜமக்காளம்னு தேடுங்க, எத்தனையாவதா வர்றோம்னு பாக்கணுமுங்க” என்று கேட்கிறார். சிலர் சிரிப்பார்கள், ஆனால் தேடிக் காட்டுவார்கள். பவானியில் நின்று தேடினால் பவானி முடிவுதானே வரும் என்று நான் சொன்ன பிறகு, ஊருக்குப் போனதும் தேடி வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்கிறார். வருகிற பதில்களைக் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கும் நோட்டில் ஊர், தேதியோடு எழுதி வைக்கிறார். போன வாரம் வரைக்கும் பதினேழு வரி. நாகர்கோவில் பதினொன்று, மதுரை ஒன்பது, தாம்பரம் எட்டு. தாம்பரம் எட்டாவது என்று அக்கா அனுப்பிய அன்று அண்ணன் அந்த வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார்.